இலை உதிர்ந்தபின் தெரியும் கைவேலை

ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் மார்ச் மாதம் கூட்டம் சேரத் தொடங்கிவிடும். முதுகில் பத்துப் பதினைந்து கிலோ மூட்டையோடு வருகிறவர்கள் அங்கிருந்து வடக்கே நடக்கத் தொடங்குவார்கள். காலும் மனசும் ஒத்துழைத்தால் ஐந்தாறு மாதம் கழித்து மெய்ன் மாநிலத்தின் கடாடின் மலையுச்சியில் போய் நிற்பார்கள். அப்பலாச்சியன் டிரெயில் என்ற அந்த மலைப்பாதை 14 மாநிலங்களைக் கடந்து 2,190 மைலுக்கு மேல் நீள்கிறது. கிலோமீட்டர் கணக்கில் மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டும். நடந்தவர்களைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு, சினிமா உண்டு. அவர்கள் வருவதற்கு முந்தைய மூன்று மாதமும் அதே மலைகளில் ரம்பமும் மண்வெட்டியுமாக அலைந்தவர்களைப் பற்றிப் பேச்சே அடிபடுவதில்லை.

டிசம்பர் தொடங்கி பிப்ரவரி வரை ஜார்ஜியா, வட கரோலினா, டென்னசி மலையடிவாரங்களில் சனிக்கிழமை காலையில் இது வழக்கமான காட்சி. வண்டி நிறுத்துமிடத்தில் நாலைந்து வண்டிகள் வந்து நிற்கும். ஹெல்மெட்டும் தோல் கையுறையும் மாட்டிக்கொண்டு, தோளில் கருவிகளோடு ஏழெட்டுப் பேர் கிளம்புவார்கள். பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கும். யாருக்கும் சம்பளம் கிடையாது. பாதையைப் பராமரிக்கும் பொறுப்பை அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 1984-ல் ஒரு தன்னார்வ அமைப்பின் கையில் ஒப்படைத்தது; அது இன்று அப்பலாச்சியன் டிரெயில் கன்சர்வன்சி என்ற பெயரில் இயங்குகிறது. அதன் கீழே சுமார் 30 சங்கங்கள் பாதையைத் துண்டு போட்டுப் பிரித்துக்கொண்டிருக்கின்றன. ஜார்ஜியாவுக்குள் வரும் 78 மைல், 1930-ல் தொடங்கிய ஜார்ஜியா அப்பலாச்சியன் டிரெயில் கிளப்பின் பங்கு. ஸ்மோக்கி மலைப்பகுதி, 1924-ல் தொடங்கிய ஸ்மோக்கி மவுண்டன்ஸ் ஹைக்கிங் கிளப்பின் பங்கு. சங்கத்துக்குள்ளேயும் பாகப்பிரிவினை உண்டு: இந்த ஓடையிலிருந்து அந்தக் கணவாய்வரை இன்னார் பொறுப்பு என்று எழுதி வைத்திருப்பார்கள். அண்ணன் தம்பி வரப்புத் தகராறைப் பார்த்து வளர்ந்த நமக்கு, கூடுதலாக ஒரு மைல் கேட்டு வாங்கிக்கொள்கிற இந்தப் பாகப்பிரிவினை கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும்.

இந்தக் கைவேலையை ரசிக்க ஆசைப்படுகிறவர் குளிர்காலத்தில்தான் போகவேண்டும். கோடையில் எல்லாப் பாதையும் ஒன்றுபோலத்தான் தெரியும், பச்சை மூடிவிடும். மரங்கள் இலையை உதிர்த்தபிறகு மலையின் உடம்பு தெரிகிறது. எதிர்ச்சரிவில் பாதை எங்கே ஏறுகிறது, எங்கே மடிகிறது, எங்கே பாறையைச் சுற்றி ஒதுங்குகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து போகலாம். நல்ல கை போட்ட பாதை சரிவின் குறுக்கே ஒரே சீராக ஏறும். அவசரக் கை போட்டது உச்சியைப் பார்த்ததும் பொறுமையிழந்து நேரே மேலே பாயும்.

அப்படிப் பாய்ந்த பாதைகள் அப்பலாச்சியன் டிரெயிலில் நிறைய. பென்டன் மக்கை என்பவர் 1921-ல் ஒரு கட்டடக்கலை இதழில் இந்தப் பாதையின் யோசனையை வெளியிட்டார். 1937-ல் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன்வரை பாதை ஒரே தொடராக இணைந்தது. இடையில் அதைத் தூக்கி நிறுத்தியவர் மைரன் ஏவரி என்ற வக்கீல். சைக்கிள் சக்கரம் பூட்டிய அளவுகோலைத் தள்ளிக்கொண்டே மலை மலையாக நடந்து மைல் கணக்கு எடுத்தவர் அவர். அவசரம் அவசரமாக இணைத்த காலம் அது. முகட்டைப் பிடித்தால் போதும், கோடு கிடைத்துவிடும் என்று போட்டார்கள். தண்ணீரும் அதே கோட்டைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தலைமுறை விட்டுப்போன செங்குத்துப் பாதைகளைத்தான் இன்றைய சங்கங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவின் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கின்றன.

ஆக, பாதை போடுவது என்பது முக்கால்வாசி தண்ணீரை வழியனுப்புகிற வேலை. இதில் பழகியவர்கள் கையில் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. பாதையின் ஏற்றம், அது கிடக்கும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதிக்குமேல் போகக்கூடாது. போனால் மேலிருந்து வரும் தண்ணீர் பாதையைக் குறுக்கே தாண்டிப் போகாமல் பாதையிலேயே இறங்கி ஓட ஆரம்பித்துவிடும். சராசரியாக நூறடி நடந்தால் பத்தடி உயரம் என்பது கட்டுப்படியாகும் ஏற்றம். கால் வைக்கும் தளம் பள்ளத்துப் பக்கமாக மிக இலேசாகச் சாய்ந்திருக்கவேண்டும், ஓரடி அகலத்துக்கு அரை அங்குலம் என்ற அளவில். நடக்கிறவருக்கு அந்தச் சாய்வு தெரியாது. ஒரு தகரக் குவளைத் தண்ணீரைப் பாதையில் கவிழ்த்துப் பார்த்தால் தெரியும்.

சாய்வு போதாத இடத்தில் குறுக்கே கட்டையோ கல்லோ பதித்து நீரை வெளியே தள்ளுவார்கள். பாதைக்குச் செங்குத்தாகப் பதித்தால் நீர் முட்டி நின்று வண்டலைக் கொட்டிவிட்டுப் போகும். ஒரு மழைக்காலத்தில் மடை தூர்ந்துவிடும். நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் பதித்தால் நீரின் வேகமே வண்டலை வாரிக்கொண்டு போய்விடும். தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் மடைதான் இந்தத் தொழிலில் உயர்ந்த படைப்பு. என்றாலும் ஓக் இலையை அது வெல்லாது. நவம்பரில் மலை முழுக்க உதிரும் ஓக் இலை தோல்போலத் தடித்தது, சீக்கிரம் மக்காது. காற்று அதை அள்ளிவந்து மடைவாயில் அடைக்கும். மழையில் நனைந்து அது அணையாகவே இறுகிவிடும். அதனால் குளிர்கால வேலையின் முதல் கட்டம் தூர்வாருவது. வாரி எடுத்த வண்டலைத் தூர எறியமாட்டார்கள். அது பாதையிலிருந்து அரித்துவந்த மண்; கட்டையின் கீழ்ப்பக்கமாகப் போட்டு மிதித்து, இருந்த இடத்துக்கே திருப்பிக் கொடுப்பார்கள்.

கட்டை பதித்த மடைகளைவிட, கட்டையே இல்லாமல் மண்ணை அகலமாகத் தாழ்த்தி மறுபடி உயர்த்திச் செய்யும் மடை ஒரு படி மேல் என்பது இக்கட்டுரையின் பக்கச்சார்பு. கட்டையில் பனி உறைந்தால் கால் வழுக்கும். நடையர்கள் அதைச் சுற்றிப் போவார்கள். சுற்றிப் போன தடத்தில் தண்ணீர் புகுந்து மடையையே வெல்லும். மண்தாழ்வில் அந்தத் தொல்லை இல்லை. அதைச் செய்யப் பொழுது அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான்.

குளிர்காலம் தானும் ஒரு பரிசோதகர்தான். நீர் தேங்கும் இடத்தையெல்லாம் கண்ணாடித் தகடாக உறையவைத்துக் காட்டிவிடும். அதைவிட நுட்பமான சாட்சியம் ஊசிப்பனி. ஈரமண்ணின் உள்ளே வெப்பம் உறைநிலைக்குச் சற்று மேலேயும் காற்று கீழேயும் இருக்கும் இரவுகளில், மண்ணின் துளைகள் வழியே மேலேறும் நீர் மெல்லிய பனித்தண்டுகளாக வளர்கிறது. குனிந்து பார்த்தால் ஓரங்குல, இரண்டங்குல உயரத்தில் நூற்றுக்கணக்கான கண்ணாடி ஊசிகள் நெருக்கமாக நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மண்பொடியோ சிறு கூழாங்கல்லோ உட்கார்ந்திருக்கும். காலை வைத்தால் நொறுங்கும் ஓசை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வெயிலேறிப் பனி உருகும்போது தூக்கிய மண் பழைய இடத்தில் வந்து அமர்வதில்லை; தளர்ந்து கொஞ்சம் கீழே சரிந்து அமர்கிறது. இரவில் உறைந்து பகலில் இளகி, ஒரு குளிர்காலத்தில் பலமுறை இப்படி நடந்தால் பாதையின் வெளிவிளிம்பே பொடிந்துவிடும். நடையர்கள் சேற்றைத் தவிர்க்க ஓரமாக நடப்பதில் ஒற்றையடிப்பாதை மூன்றடியாக அகலும். ஊசிப்பனி அடர்த்தியாகப் பூத்திருக்கும் இடத்தைப் பார்த்ததும் பழகியவர் நிமிர்ந்து மேல்சரிவைப் பார்ப்பார். இங்கே ஈரம் எங்கிருந்து வருகிறது, அதை எங்கே மறிப்பது என்பதுதான் அவருக்குக் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்துகொள்வதற்கே சில வருஷம் பிடிக்கும்.

பராமரிப்பாளர் கையில் இருக்கும் கருவிகளுக்கும் கதை உண்டு. ஒருபுறம் கோடரி, மறுபுறம் களைக்கொத்து என்று ஒரே காம்பில் அமைந்த புலாஸ்கி, காட்டுத்தீயோடு பிறந்த பெயர். 1910 ஆகஸ்டில் ஐடஹோ மலைகள் பற்றியெரிந்தபோது எட் புலாஸ்கி என்ற வனக்காவலர் நாற்பது பேர் போலத் தன் ஆட்களை ஒரு பழைய சுரங்கத்துக்குள் ஓட்டிச் சென்று, வெளியே ஓடப்பார்த்தவர்களைத் துப்பாக்கி காட்டி நிறுத்தி, பெரும்பாலோரைக் காப்பாற்றினார். கருவியைப் பரவலாக்கிய பெருமையும் அவருக்கே. அகலமான மண்வெட்டித் தகடும் முரட்டுப் பல்வாரியும் சேர்ந்த மெக்லியாட் இன்னொன்று. அதுவும் தீயணைப்பில் பிறந்து மடை வாரும் வேலைக்கு வந்து சேர்ந்தது.

செடி கழிக்கும் வேலை சாதாரணமாகத் தோன்றும். நாலடி அகலம், எட்டடி உயரம் வழி விடவேண்டும் என்பது விதி. தென் அப்பலாச்சியாவில் இலை உதிர்க்காத ரோடோடென்ட்ரான் புதர்கள் பாதையின் இருபுறமும் வளர்ந்து மேலே கூடிக் குகை மாதிரி ஆகிவிடும். நீலகிரி உச்சிகளில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசுக்கு இது உறவு. குளிர் கூடக்கூட இதன் இலைகள் தொங்கிச் சுருண்டுகொள்ளும். கடுங்குளிரில் பென்சில் கனத்துக்குக் குழலாகிவிடும். பழகியவர்கள் இலையைப் பார்த்தே அன்றைய குளிரை ஏறக்குறையச் சொல்லிவிடுவார்கள். பனி கனத்தால் கிளைகள் வளைந்து பாதையை அடைத்துக்கொள்ளும். ஜூலையில் எட்டடி உயரத்தில் நின்ற கிளை ஜனவரியில் இடுப்பளவில் கிடக்கும். கோடையில் மட்டும் வேலை செய்கிறவருக்கு இந்தக் கணக்கு பிடிபடாது. பனிச்சுமையில் கிளை எவ்வளவு தாழும் என்று கண்ணால் கண்டவர்தான் எதை வெட்டுவது, எதை விடுவது என்று சரியாகத் தீர்மானிப்பார்.

வெட்டும் விதத்திலும் தரம் பார்க்கலாம். பாதையோரத்தில் குத்துக்கட்டை நீட்டிக்கொண்டிருந்தால் அது கற்றுக்குட்டி வேலை. தேர்ந்தவர் கிளை புறப்படும் கணுவை ஒட்டி வெட்டுவார். வெட்டிய கிளையைப் பார்வைக்கு அப்பால் இழுத்துப்போய், வெட்டுமுனை பாதைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி தரையோடு கிடத்துவார். அடுத்து வருகிறவருக்கு இங்கே கத்தரி பட்டதே தெரியாது.

ரம்பத்துக்கு வருவோம். இந்தக் கலையின் மகுடம் அதுதான்.

1964-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. மனிதத் தலையீடு குறைவாக இருக்கும் காடுகளை 'வில்டர்னஸ்' என்று அறிவித்து, மோட்டார் வைத்த கருவி எதுவும் உள்ளே நுழையக்கூடாது என்றது. செயின்சா கூடாது, பேட்டரியில் ஓடுவதும் கூடாது, சைக்கிள்கூடக் கூடாது. அப்பலாச்சியன் டிரெயில் இப்படிப்பட்ட பல காடுகளின் ஊடே போகிறது. ஜார்ஜியாவின் பிளட் மலை ஒன்று. அதனால் நூறு வருஷத்துக்கு முந்தைய மரவெட்டிகளின் கருவியான இருவர் இழுக்கும் நெடுரம்பம் அங்கே இன்னும் அன்றாட வேலையில் இருக்கிறது. ஐந்தடி, ஆறடி நீளத் தகட்டை வளைத்து முதுகுப்பையோடு கட்டி, பல்விளிம்புக்கு நீளவாக்கில் கிழித்த பழைய தீயணைப்புக் குழாயை உறையாக மாட்டித் தூக்கிப் போவார்கள்.

நல்ல ரம்பம் என்றால் பழைய ரம்பம். சைமண்ட்ஸ், டிஸ்டன், அட்கின்ஸ் போன்ற பட்டறைகள் ஒரு காலத்தில் செய்தவற்றில் தகட்டின் முதுகு பல்விளிம்பைவிட மெல்லிசாக இருக்கும்படி தேய்த்திருப்பார்கள். மரம் இறுக்கினாலும் தகடு சிக்காமல் வழுக்கிப்போவதற்காக. இன்று மலிவாகக் கிடைப்பவை ஒரே கனத் தகட்டில் வெட்டியெடுத்தவை. ஆழம் போகப்போகத் திணறும். அதனால் ரசிகர்கள் பழம்பொருள் சந்தைகளிலும் பண்ணைக் கொட்டகைச் சுவர்களிலும் தேடி அலைகிறார்கள். அமெரிக்கக் கிராமங்களில் பழைய ரம்பத் தகட்டில் சிவப்புக் கொட்டகை, வாத்துக்குளம் என்று பெயின்ட் அடித்து வீட்டில் மாட்டும் வழக்கம் உண்டு. நல்ல டிஸ்டன் ஒன்று வாத்துக்குளமாகத் தொங்குவதைப் பார்த்தால் இவர்களுக்கு வயிறு எரியும்.

பல்லைத் தீட்டுவது தனி வித்தை. இந்த ரம்பத்தில் இருவகைப் பற்கள். வெட்டுப்பற்கள் இடமும் வலமுமாக மாறிமாறிச் சாய்ந்து, பிளவின் இரு ஓரங்களிலும் மரநாரைக் கீறிவிடும். அவற்றுக்கு இடையே நிற்கும் வாருபல் கீறலுக்கு நடுவில் இருக்கும் மரத்தை உளிபோலச் சீவி வெளியே தள்ளும். வாருபல் வெட்டுப்பல்லைவிட மயிரிழை குட்டையாக இருக்கவேண்டும், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு. அந்தச் சில பங்கில்தான் ரம்பத்தின் உயிர். அமெரிக்க வனத்துறை ஊழியரான வாரன் மில்லர் இந்த வித்தையை ஒரு கையேடாக எழுதினார். வனத்துறை அதை 1977-ல் வெளியிட்டது. அரம் பிடிக்கிறவர்களுக்கு இன்றும் அதுதான் பாடநூல். தீட்டியது சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். வெட்டும்போது கீழே விழுவதைப் பார்த்தால் போதும். மரத்தூள் கொட்டினால் தீட்டியது சரியில்லை. விரல் நீளத்துக்குமேல் முறியாத இழைகள் இடியாப்பம்போலச் சுருண்டு விழுந்தால் அரம் பிடித்தவர் கைக்குக் காப்புப் போடலாம்.

இழுப்பவர்களுக்கு ஒரே விதி: இழு, தள்ளாதே. எதிராளி இழுக்கும்போது கை சும்மா கூடப் போகவேண்டும். உதவி செய்கிறேன் என்று தள்ளினால் தகடு நெளிந்து மாட்டிக்கொள்ளும். அமுக்குவதும் கூடாது, ரம்பத்தின் எடையே போதும். புதியவர்கள் முதல் பத்து நிமிஷத்திலேயே மூச்சு வாங்குவார்கள், அத்தனையும் வீண் பலம். பழகிய ஜோடியிடம் பேச்சே இருக்காது; தகட்டில் ஒரு ரீங்காரம் மட்டும் ஏறி இறங்கும். பைன் மரத்தில் பிசின் பிடித்தால் கொஞ்சம் மண்ணெண்ணெய் தெளிப்பார்கள்.

ஆனால் இழுப்பதற்கு முன்னால் மரத்தை வாசிக்கவேண்டும். உண்மையான வித்வத்துவம் இங்கேதான். விழுந்த மரம் சும்மா கிடப்பதில்லை. உள்ளே எங்கோ அமுங்கியும் எங்கோ இழுபட்டும் கிடக்கிறது. இரு முனையும் மேட்டில் தாங்கி நடுவில் தொங்கும் கட்டையில் மேற்பக்கம் அமுங்கியிருக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலிருந்து அறுத்தால் பாதி ஆழத்தில் பிளவு மூடி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். அதைத் தடுக்கத் தகட்டின் பின்னால் ஆப்பு இறக்கிக்கொண்டே போவார்கள். பிளாஸ்டிக் ஆப்புதான்; இரும்பு பட்டால் பல் போய்விடும். உறைந்த மரத்தில் அந்த ஆப்பும் நிற்காமல் துள்ளி வெளியே வரும். ஒரு முனை மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையில் எல்லாம் தலைகீழ். இப்போது கீழ்ப்பக்கம் அமுங்கியிருக்கும். கீழிருந்து அறுத்தால் ரம்பம் சிக்கிக்கொள்ளும், மேலிருந்து அறுத்தால் பிளவு தானாக விரியும். சரிவில் கிடக்கும் மரத்தில் பக்கவாட்டு இறுக்கமும் சேர்ந்துகொள்ளும். கட்டையின் அடியில் வில்லாக வளைந்து சிக்கியிருக்கும் இளமரம் ஒன்று இருந்தால், விடுபட்ட நொடியில் அது மனிதனைத் தூக்கி அடிக்கும். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்து மரத்தில் முறிந்து தொங்கும் கிளை. இத்தனையும் பார்த்து, தப்பி ஓடும் வழியையும் பேசி வைத்தபிறகே முதல் இழுப்பு. வனத்துறை நிலத்தில் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்காதவர் ரம்பத்தைத் தொடமுடியாது. தன்னார்வலர் என்று சலுகை இல்லை.

வெட்டின் கோணமும் யோசித்து வைப்பதே. நேராக இரு வெட்டு போட்டால் நடுத்துண்டு இருபுறமும் இறுகி அசையாது. வெளியே தள்ளும் பக்கம் அகலமாக, எதிர்ப்பக்கம் குறுகலாக வரும்படி சாய்த்து அறுத்தால் துண்டு எளிதாக விடுபடும். பிறகு அதை உருட்டக் கையைப் பயன்படுத்தமாட்டார்கள். கட்டைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, இரண்டு மூன்று பேராகக் காலால் நெம்பித் தள்ளுவார்கள். அது சரிவில் உருண்டு ஓடும் சத்தத்தில்தான் அன்று முதல்தடவையாக எல்லாரும் சத்தம் போட்டுச் சிரிப்பார்கள்.

கையால் அறுப்பதில் காதுக்கும் வேலை இருக்கிறது. மரம் நகரப்போகுமுன் முனகும். நார் ஒவ்வொன்றாக அறும் ஓசை கேட்கும். செயின்சா இரைச்சலில் அந்த எச்சரிக்கை காதில் விழாது. மோட்டாரை விலக்கிய சட்டம் வறட்டுப் பிடிவாதம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2019-ல் கொலராடோவின் வெமினூச்சி வில்டர்னஸில் வண்டு அரித்துச் செத்த மரங்கள் பாதைகளை மூடிவிட்டன. வனத்துறை செயின்சாவுக்கு அனுமதி கொடுத்தது. சிலர் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். வனத்துறை அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வேலை சீக்கிரம் முடிவதுதான் நோக்கமென்றால் சட்டத்தைக் குறை சொல்கிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வில்டர்னஸுக்கு வெளியே இதே தன்னார்வலர்கள் செயின்சாவைத் தயக்கமில்லாமல் எடுக்கிறார்கள்.

குளிரில் ரம்பம் இழுப்பவருக்கு வியர்வையே எதிரி. நனைந்த சட்டையோடு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் உடம்பு வெடவெடக்கும். அதனால் வேலை தொடங்குமுன்பே மேல்சட்டையைக் கழற்றி நடுங்கிக்கொண்டு நிற்பார்கள், ஓய்வெடுக்கும்போது மாட்டிக்கொள்வார்கள். பருத்தித் துணிக்கு இடமில்லை, நனைந்தால் உலராது.

இன்னொரு வேலை குளிர்காலத்துக்கு ஒவ்வாது: வழிக்குறி தீட்டுவது. மரத்தில் இரண்டங்குல அகலம், ஆறங்குல உயரத்தில் ஒரு வெள்ளைச் செவ்வகம். கிளைப்பாதை என்றால் நீலம். ஈரப்பட்டையில் பெயின்ட் ஒட்டாது என்பதால் வெயில் நாளுக்குத் தள்ளிவைப்பார்கள். ஆனால் குறி எங்கே வேண்டும் என்று முடிவு செய்யக் குளிர்காலமே தோது. மரத்தில் உறைபனி அப்பியிருக்கும் காலையில் வெள்ளைமேல் வெள்ளையாகக் குறி காணாமல் போகும். பனியில் வழி தவறியவர் கண்ணால் பார்த்தால் எந்தத் திருப்பத்தில் இன்னொரு குறி தேவை என்று தெரிந்துவிடும்.

பராமரிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சாட்சி உண்டு. பாதை முழுமையடைந்த மறுவருஷமே, 1938-ல், நியூ இங்கிலாந்தைத் தாக்கிய பெரும்புயல் அங்கே பல மைல் பாதையை மரக்குவியலாக்கியது. பிறகு உலகப்போர் வந்து ஆட்களை எடுத்துக்கொண்டது. 1955-ல் 67 வயது எம்மா கேட்வுட் என்ற பாட்டி ஒரு துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முழுப்பாதையையும் தனியாக நடந்து முடித்தார். தனியாக ஒரே மூச்சில் நடந்த முதல் பெண் அவர். முடித்ததும் பாராட்ட வந்த பத்திரிகைக்காரர்களிடம் பாதையின் லட்சணத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்: விழுந்த மரங்கள், எரிந்த இடங்களில் திரும்பப் போடாத குறிகள், தேவையில்லாத ஏற்றங்கள். இன்றைய சங்கங்கள் ஆண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் மணி நேர உழைப்பைக் கணக்கில் எழுதுகின்றன. அந்தக் கணக்கைப் பார்க்கப் பாட்டி இருந்திருந்தால் ஏற்றங்களைப் பற்றி மட்டும் இன்னும் குறை சொல்லியிருப்பார்.

2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் தென் அப்பலாச்சியாவில் கொட்டித்தீர்த்தது. டென்னசியின் எர்வின் ஊர் அருகே பாதை நோலிசக்கி ஆற்றைக் கடக்கும் செஸ்டோவா பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. முகடுகளில் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. அந்தக் குளிர்காலம் முழுக்க கரோலினா மவுண்டன் கிளப், டென்னசி ஈஸ்ட்மன் சங்கம் போன்ற குழுக்கள் மரக்குவியலுக்குள் வழி குடைந்தன. 2025 மார்ச்சில் நடையர்கள் வந்தபோது பாதையின் பெரும்பகுதி திறந்திருந்தது. குவியலில் கிடக்கும் மரத்தை வாசிப்பது தனிமரத்தை வாசிப்பதுபோல அல்ல. ஒன்றை அறுத்தால் வேறு நாலு அசையும். எது எதைத் தாங்குகிறது என்று தெரிந்துகொள்வதற்கே அரைமணி நேரம் குவியலைச் சுற்றிச் சுற்றி வரவேண்டும்.

அதிலும் பொல்லாதது வேரோடு சாய்ந்த மரம். தட்டுபோல நிமிர்ந்து நிற்கும் வேர்க்கட்டியை, கிடக்கும் தண்டின் எடைதான் இழுத்துப் பிடித்திருக்கிறது. தண்டை அறுத்ததும் டன் கணக்கான மண்ணும் வேரும் சட்டென்று எழுந்து பழைய குழிக்குள் போய் உட்காரலாம். உட்காராமல் அப்படியே நிற்கவும் செய்யலாம். எது நடக்கும் என்று நிச்சயமாகச் சொல்லமுடியாததால் குழிப்பக்கம் யாரும் நிற்கவே கூடாது. உட்கார்ந்துவிட்டால் அதிர்ஷ்டம், பாதை தானே திரும்பிவிடும். நின்றுவிட்டால் பாதை இருந்த இடத்தில் ஆளுயரப் பள்ளம். அதற்கு ரம்பம் உதவாது. சரிவைத் தாங்கக் கல்லடுக்கிச் சுவர் எழுப்பவேண்டும்.

அங்கே கருவி நம்மூர்க் கடப்பாரையேதான். கல்லைப் பாதையோரத்தில் எடுக்கமாட்டார்கள், எடுத்த குழியும் வடுவும் தெரியும் என்பதால். மேல்சரிவில் கண்ணுக்கு மறைவான இடத்திலிருந்து நெம்பி, வலையில் வைத்து நாலு பேராகச் சுமந்து இறக்குவார்கள். சிமென்ட் கிடையாது. பெரிய கல் அடியில்; ஒவ்வொரு வரிசையும் மலைப்பக்கமாகச் சற்றே சாய்ந்து; கீழிரண்டு கல்லின் இணைப்புக்கு மேல் ஒரு கல்லின் நடுப்பகுதி வரும்படி. கல்லின் நீண்ட பக்கத்தைச் சுவரின் முகமாகக் காட்டினால் பார்க்க அழகாக இருக்கும், சுமை ஏறினால் பிதுங்கிவிடும். நீண்ட பக்கம் மலைக்குள் போகவேண்டும். ஒவ்வொரு கல்லும் ஆடாமல் உட்கார்ந்ததா என்று மேலே ஏறிக் குதித்துப் பார்ப்பார்கள். ஆடினால் தூக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து. பின்பக்க இடைவெளியை மண் போட்டு நிரப்பமாட்டார்கள், சல்லியை அடித்து இறுக்குவார்கள். மண் நீரைப் பிடித்துவைத்து உறைந்து சுவரை வெளியே தள்ளும். ஒரு நல்ல குழு நாள் முழுக்க உழைத்தால் எழும்புவது சில அடிச் சுவர்.